பதினாலாம் நம்பர் பை

1967ஆம் வருஷம் ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. காணும் பொங்கலுக்கு மறுநாள். மாயாபந்தர் ஜெட்டியில் போர்ட் பிளேருக்குப் போகிற கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. மூன்று வாரமாகக் காட்டோரம் கூடாரம் அடித்துக் கிடந்த சர்வே பார்ட்டி அன்றைக்குத் திரும்புகிறது. நாற்பத்தோரு ஓடைகளில் அள்ளிய மண்ணை, ஓடைக்கு ஒரு துணிப்பை என்று நம்பர் போட்டு மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். கடைசிப் பெட்டியைத் தலையில் சுமந்துபோய்க் கப்பலில் இறக்கியவள் நீலாவதி.

பலகையில் இறங்கி வரும்போதுதான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது.

பார்ட்டித் தலைவர் ஜெகநாதன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தாசில் ஆபீஸ் கிளார்க் இராமகிருஷ்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஹாத்தி நாலா ஜனங்க அந்த ஓடைத் தண்ணியக் குடிக்கக் கூடாது. ரிப்போர்ட் எழுதிட்டேன், காப்பி உங்க ஆபீசுக்கும் குடுத்தாச்சு. மண்ணுலயே அவ்வளவு உலோகம் இருந்தா தண்ணிய எப்படி நம்புறது?”

“இருபத்து மூணு வீடு இருக்கே சார். எங்க கொண்டுபோறது?”

“மழைக்கு முன்னாடி வேற பள்ளத்தாக்குப் பாருங்க. அத்தாட்சி கேட்டா பதினாலாம் நம்பர் பைன்னு சொல்லுங்க. டியூப்ல போட்டதும் செக்கச்செவேல்னு ஆச்சு. நானே பார்த்தேன்.”

நீலாவதிக்குக் கால் பலகையிலேயே நின்றுவிட்டது. ஹாத்தி நாலாவின் இருபத்து மூன்று வீடுகளில் ஒன்று அவளுடையது. பதினாலாம் நம்பர் பையில் மண் அள்ளியது அவள் கை. அந்தப் பையைப் பற்றி நோட்டில் எழுதியிருப்பது பொய்.

பின்னால் வந்தவன், “ஹட்டோ, ஹட்டோ!” என்று அவளைத் தள்ளிக்கொண்டு போனான். ஜெகநாதன் விறுவிறுவென்று மேலே ஏறினார். பலகையை இழுத்துவிட்டார்கள். கப்பல் ஊதியது.

“சார்! பதினாலு! சார், அந்தப் பதினாலு!” நீலாவதி ஜெட்டி விளிம்புவரை ஓடிக் கையை ஆட்டினாள்.

மேலே நின்ற ஜெகநாதன், வேலைக்காரப் பெண்பிள்ளை பாசத்தோடு வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தொப்பியை உயர்த்தி ஆட்டினார். கப்பல் போயே போய்விட்டது.

*

நீலாவதி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பதினெட்டு வயதில் கோவிந்தராஜுக்கு வாழ்க்கைப்பட்டு, 1960இல் அவனோடு அந்தமானுக்குக் கப்பல் ஏறினாள். அரசாங்கம் கொடுத்தது தகரம் பத்துத் தாள், ஒரு ஜோடி மாடு, காடு வெட்டிய பத்து ஏக்கர். அந்த நிலத்தில் மரத்தின் அடிக்கட்டைகள் கல்லறை மாதிரி நின்றன. முதல் வருஷம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தே பாதி ஆளாகிப்போனாள். இரண்டாம் வருஷம் பக்கத்துக் கிராமத்து வங்காளிகளிடம் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வருஷம் அதே இந்தியில் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

வந்த புதிதில் மரம் இழுக்கிற யானைகள் குளித்த ஓடை அது. அதனால் ஹாத்தி நாலா. கிராமத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. ஓடைக்கரையில் அவர்கள் வைத்தது நாற்பது தென்னம்பிள்ளை. முள்ளம்பன்றி இல்லாத தீவு, காட்டுப்பன்றி இருந்தது. அதற்கு வேலி கட்டியே கோவிந்தராஜின் உள்ளங்கை மரப்பட்டையாகிவிட்டது. ஏழு வருஷம் தண்ணீர் சுமந்தார்கள். இந்தப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு மரத்தில் முதல் பாளை தலை நீட்டியது. வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி கோவிந்தராஜ் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மழைக்கு முன்னால் வேறு பள்ளத்தாக்கு என்றால் மறுபடியும் தகரம், மறுபடியும் அட்டை, மறுபடியும் ஏழு வருஷம். அதுவும் யாரால்? தன்னால்.

சர்வே பார்ட்டி கூலிக்கு ஆள் தேடியபோது வரிசையில் முதலில் நின்றவள் நீலாவதிதான். கூலியைவிட அவளை இழுத்தது வேறு. மலைக்குள் என்ன இருக்கிறது என்று மலையை உடைக்காமலே கண்டுபிடிக்கப் போகிறார்களாம். ஓடையில் ஒரு கை மண் போதுமாம். மழை மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஓடையில் இறக்குகிறது, ஆகையால் ஓடை வண்டலைக் கேட்டால் மலையின் கதையைச் சொல்லிவிடும் என்று பார்ட்டியின் கெமிஸ்ட் சிவஞானம் சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “நம்ம நாலாவும் பேசுமா சார்?” என்று கேட்டாள்.

“பேசும். கேக்குறவன் கை சுத்தமா இருக்கணும்.”

சிவஞானத்துக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். மண்ணை நைலான் துணியில்தான் சலிக்க வேண்டும். பித்தளைச் சல்லடையை யாராவது எடுத்து வந்தால் பாம்பைப் பார்த்தவர் போலக் குதிப்பார். “பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். சல்லடையிலேர்ந்து ஒரு தூசி உதிர்ந்தாலும் நான் மலையில செம்பு இருக்குன்னு எழுதிடுவேன். அப்புறம் மலையை எவன் தோண்டுறது?” வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்.

“ஓடையில இறங்கி நடக்குறேனே, மெட்டியையும் கழட்டணுமா சார்?”

சிவஞானத்தின் காது சிவந்தது. “அது... அது இருக்கட்டும்மா.”

அவருடைய வித்தை சாயங்காலங்களில் நடக்கும். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஒரு சிட்டிகை வண்டல். அதன்மேல் ஒரு தெளிந்த நீர். அதற்கும் மேல், ஐஸ் போட்ட பிளாஸ்கிலிருந்து கரும்பச்சையாக ஒரு மருந்து, எண்ணெய் மாதிரி மிதக்கும். கட்டைவிரல் படாமல் மூடி போட்டு ஒரு நிமிஷம் குலுக்குவார். மேலே மிதப்பது பச்சையாகவே நின்றால் மண்ணில் உலோகம் இல்லை. நீலமானால் கொஞ்சம் உண்டு. கத்தரிப்பூ நிறமானால் நிறைய. சிவந்தால் மிக மிக நிறைய. நீலாவதி தினமும் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பச்சை, பச்சை, பச்சை. நாற்பது குழாய் பச்சையாகவும் லேசான நீலமாகவும் போன பிறகு, திங்கட்கிழமை, பதினாலாம் நம்பர் சிவந்தது. கூடாரமே கத்தியது. நீலாவதியும் சேர்ந்துதான் கத்தினாள். நம் மலையில் புதையல் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு வீட்டைக் காலி பண்ணும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

ஜெட்டியிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு அவள் நேரே கூடாரத்துக்குப் போனாள். பார்ட்டி போய்விட்டாலும் சிவஞானம் போகவில்லை. அவருடைய பச்சை மருந்தும் மற்றச் சீசாக்களும் தீப்பிடிக்கிறவை. பயணிகள் கப்பலில் ஏற்ற முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். இருபத்தேழாம் தேதி சரக்குப் படகு வரும்வரை பெட்டிகளோடு பெட்டியாக அவரும் காத்திருக்க வேண்டும். சிவஞானம் பனியனோடு உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், பதினாலாம் நம்பரை நான் மேல் கிளையில எடுக்கல.”

பேனா நின்றது.

“பொங்கல் அன்னிக்குக் காலையில போகச் சொன்னீங்க. ரெண்டு ஓடை சேருற இடத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டுல பானை வைக்கணும். பொங்குறப்போ நான் இல்லாம எப்படி? அதே தண்ணி, அதே மண்ணுதானேன்னு எங்க வீட்டுக்குக் கீழ, பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்துல அள்ளிட்டு வந்துட்டேன். அங்கதான் வண்டல் மாவு மாதிரி இருந்துச்சு.”

சிவஞானம் பேனாவை மூடி வைத்தார். பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினார். பதினாலுக்கு நேராக, ‘மேல் கிளை, சங்கமம், என் முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்று அவருடைய கையெழுத்து.

“உங்க முன்னிலையிலயா?” என்றாள் நீலாவதி.

“நான் அன்னிக்கு உங்க பக்கத்து வீட்டு ஜெயமணியம்மா வீட்டுல சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன்.”

“சாப்பிட்டு?”

“தூங்கிட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிவஞானம்தான் முதலில் சுதாரித்தார். “சரி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஓடை மேலேர்ந்துதானே வருது? நீங்க கீழ எடுத்தீங்க. கீழ இவ்வளவு சிவப்புன்னா மேல இன்னும் சிவப்பாத்தான் இருக்கும். இடம் தப்பு, ரிசல்ட் தப்பில்ல. போங்கம்மா, என் வேலைக்கும் உலை வைக்காதீங்க.”

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் கோவிந்தராஜ் பாளையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சேதி அவனுக்கு முன்பே வந்திருந்தது. அவள் தன் தப்பைச் சொன்னாள். அவன் பாளையிலிருந்து கண்ணை இறக்கினான். பிறகு, “ஒரு பானைப் பொங்கலுக்கு இருபத்து மூணு வீட்டையும் பொங்க வெச்சுட்டியே நீலா” என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

*

புதனும் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் குடத்தோடு ஓடைக்குப் போனாள். கல்லில் ஜெயமணி உட்கார்ந்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்காகக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெயமணி பக்கத்து வீட்டுக்காரி, நாற்பது வயது, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

“வாடி சர்வே ஆபீசரு. எங்க ஊரை எப்பக் காலி பண்றாப்ல? விளக்கைப் பாலிஷ் போட்டு மூட்டை கட்டவா, அப்படியே கட்டவா?”

நீலாவதி குனிந்து பார்த்தாள். அவள் கண் ஜெயமணியின் கையில் இருந்தது. புளியைக் கரைத்து விளக்கின்மேல் அழுத்தித் தேய்க்கிறாள். பித்தளை பளீரென்று பொன்னாகிறது. விரல் இடுக்கில் வழிகிற தண்ணீர் மட்டும் அழுக்குப் பச்சையாக, கல்லில் இறங்கி, வண்டலில் ஊறிப் போகிறது.

“ஜெயமணிக்கா, அந்தப் பச்சை என்ன?”

“எந்தப் பச்சை? களிம்புடி. பித்தளையில புளி பட்டா களிம்பு ஏறாதா? ஈயம் பூசாத பாத்திரத்துல புளிக்குழம்பு வெச்சுத் தின்னு பாரு, ராத்திரி பூரா வெளிய ஓடிக்கிட்டு இருப்ப. பொங்கலுக்கு முந்தின நாளு இருபத்து மூணு வீட்டுப் பித்தளையும் இந்தக் கல்லுலதானே தேய்ச்சோம்? ஓடையே பச்சையா ஓடுச்சே, மறந்துட்டியா?”

களிம்பு! பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். போகி அன்றைக்கு இருபத்து மூன்று வீட்டு அண்டா, குடம், தவலை, விளக்கு, தாம்பாளம், எல்லாம் இந்த ஒரே கல்லில். மறுநாள் காலையில் அதே கல்லோரம் அவள் மண் அள்ளியிருக்கிறாள். அந்தப் பை மலையின் கதையை எங்கே சொன்னது? ஜெயமணி வீட்டு அண்டாவின் கதையையல்லவா சொன்னது!

குடம் கையிலிருந்து நழுவி ஓடையில் மிதந்து போனது. நீலாவதி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“ஏ, உன் குடம்! இவளுக்கு என்ன பேய் பிடிச்சுதா?” என்று ஜெயமணி கத்தியது பாதி வழிவரை கேட்டது.

சிவஞானம் அரைகுறையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்று கேட்டார். பிறகு கூடாரத்துக்குள் நாலு தடவை நடந்தார். “நான் பித்தளைச் சல்லடைக்குப் பயந்தேன். நீங்க என்னடான்னா பித்தளைக் கடையையே ஓடைக்குள்ள கரைச்சிருக்கீங்க” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே முகம் சுருங்கியது. “நம்ப ஆசையாத்தான் இருக்கு. ஆனா இது பேச்சு. பேச்சைக் கப்பல்ல அனுப்ப முடியாது.”

“குழாய்ல போட்டுக் காட்டுங்க.”

அவர் பிளாஸ்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். “ஐஸ் எப்பவோ தீந்துபோச்சு. இந்தச் சூட்டுல மருந்து ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். மிச்சம் இருக்குறது எட்டுக் குழாய்க்கு.”

“எட்டுப் போதும் சார். எங்கெங்க எடுக்கணும்னு நான் சொல்றேன்.”

*

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினார்கள். கோவிந்தராஜ் தா என்கிற வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் கொடி வெட்டிப் போனான். சிவஞானம் பிளாஸ்கை ஈரத்துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். “கைக்குழந்தைக்காரி மாதிரி வர்றீரே” என்று கோவிந்தராஜ் கிண்டல் பண்ணினான். நீலாவதி மோதிரம், வளையல் கழற்றியிருந்தாள். இந்தத் தடவை மெட்டியையும் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள்.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. உலோகம் மலையிலிருந்து வந்தால் கல்லுக்கு மேலேயும் நிறம் மாற வேண்டும். கல்லிலிருந்து வந்தால் மேலே பச்சையாக நின்று, கல்லில் சிவந்து, கீழே போகப் போக மங்க வேண்டும். ஓடையைக் கல் இரண்டாக வெட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு ஓடை சேருகிற சங்கமத்துக்குச் சற்றுக் கீழே முதல் மண். அப்புறம் பாதி வழியில் ஒன்று. கல்லுக்குப் பத்தடி மேலே ஒன்று. கல்லில் ஒன்று. கல்லுக்கு ஐம்பதடி கீழே, அப்புறம் வங்காளிகளின் வயல் தொடங்குகிற இடத்தில். சங்கமத்துக்கு மேலே இடது கிளையில் ஒன்று, வலது கிளையில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் மண் அள்ளியதும் சிவஞானம் நோட்டில் எழுத, நீலாவதி எட்டிப் பார்த்து, “சரியா எழுதுங்க சார். எங்க நிக்கிறமோ அதையே எழுதுங்க” என்பாள். “அம்மா, இந்தத் தடவை நான் நெஜமாவே முன்னிலையில இருக்கேன்” என்பார் அவர்.

மத்தியானம் கூடாரத்தில் வெயில் படாத மூலையில் குழாய்களை அடுக்கியபோது வாசலில் கிராமமே கூடிவிட்டது. ஜெயமணி முன்னால் வந்து குந்தினாள்.

முதல் குழாய். சங்கமத்துக்குக் கீழே. சிவஞானம் குலுக்கினார். அறுபதுவரை எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். நிறுத்தினார். பச்சை.

“பச்சைன்னா நல்லதா கெட்டதா?” என்றாள் ஜெயமணி.

“நல்லதுக்கா, சும்மா இருங்க!”

இரண்டாவது, பச்சை. மூன்றாவது, கல்லுக்குப் பத்தடி மேலே, அதுவும் பச்சை! நான்காவது, கல். குலுக்கத் தொடங்கி இருபது எண்ணுவதற்குள்ளேயே பச்சை கலங்கி, கத்தரிப்பூவாகி, சிவந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஐந்தாவது கத்தரிப்பூ. ஆறாவது, வயலோரம், நீலம், மெல்லிய நீலம்.

“மங்குது! மங்குது சார்!” நீலாவதி எழுந்து நின்றுவிட்டாள்.

ஏழாவது, இடது கிளை. பச்சை. பாசி மாதிரி நல்ல பச்சை.

சிவஞானம் பேனாவை எடுத்தார். “முடிஞ்சுது. இதுக்கு மேல எந்த ஆபீசரும் பேச முடியாது. கல்லுதான் காரணம். ஜெயமணியம்மா, உங்க விளக்குத்தான் ஊரைக் காலி பண்ணப் பார்த்துது.”

“என் விளக்கு மேல பழியா? அப்ப பொங்கலுக்குப் பித்தளை தேய்க்காம மண்சட்டியவா தேய்ப்போம்?” என்றாள் ஜெயமணி. கூடாரம் அதிரச் சிரிப்பு. கோவிந்தராஜ் யாரையோ கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

நீலாவதி சிரிக்கவில்லை. “எட்டாவது இருக்கே சார்” என்றாள்.

“எதுக்கும்மா? ஏழே போதும்.”

“வலது கிளை. எடுத்துட்டோம், நோட்டுல எழுதிட்டோம். போட்டுடுங்க.”

சிவஞானம் அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். “சங்கமத்துக்குக் கீழ பச்சைன்னு வந்தாச்சு. வலது கிளையில எது வந்தாலும் நமக்கு லாபம் இல்ல. பச்சைன்னா அதே பதில். வேற ஏதாவது வந்தா வம்பு.”

“வம்பு வந்தா வரட்டும். ஒரு பையை எடுக்க வேண்டிய இடத்துல எடுக்காம விட்டதுக்கே இந்தப் பாடு பட்டுட்டோம்.”

கோவிந்தராஜ், “நீலா, வேண்டாம், விடு” என்றான். அவள் தானே குழாயை எடுத்துச் சிவஞானத்தின் கையில் வைத்தாள்.

இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. குலுக்கி நிறுத்தியபோது பச்சை அங்கே இல்லை. நீலம். வயலோரத்து நீலத்தைவிட ஒரு பங்கு கூடவே.

வலது கிளையில் வீடில்லை, கல்லில்லை, பித்தளையில்லை. கரும்பச்சைப் பாறையும் காடும்தான். அப்படியென்றால் மலையும் கொஞ்சம் பேசியிருக்கிறது; இடது கிளை மண்ணோடு கலந்ததில் சங்கமத்துக்குக் கீழே அந்தப் பேச்சு கேட்காமல் போயிருக்கிறது.

“இதை எழுதினா,” என்றார் சிவஞானம், “மறுபடி கமிட்டி வரும், மறுபடி பார்ட்டி வரும். தீர்ப்பு எப்போ வரும்னு எனக்கே தெரியாது. எழுதாட்டி இன்னைக்கே முடிஞ்சுது.”

எல்லோரும் நீலாவதியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க, பயத்தையும் மீறி என்னவோ ஒன்று அவளைத் தூக்கியது. யாருமே ஏறிப் பார்க்காத மலை, கண்ணாடிக் குழாயில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டது இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

“எழுதுங்க சார்” என்றாள். “நாம குடிக்கிற தண்ணி. நமக்கும் தெரியணும்ல?”

அன்று சாயங்காலமே அவளும் ஒரு கடிதம் எழுதினாள், தமிழில், தன் கையால். பொங்கல் பானைக்காக இடம் மாற்றி மண் அள்ளியது தான் என்றும், அதற்குப் பார்ட்டியில் வேறு யாரும் பொறுப்பில்லை என்றும். சிவஞானம் படித்துவிட்டு, தூங்கியது தான் என்று கீழே இங்கிலீஷில் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழாம் தேதி படகில் அந்தக் கடிதமும் நோட்டும் எட்டுப் பையும் போயின.

*

ஜூனில் மழை வந்தது. காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை; இருக்கச் சொல்லியும் யாரும் எழுதவில்லை. தாசில் ஆபீசுக்குப் போனால் இராமகிருஷ்ணன் கைவிரிப்பார்: “ஊப்பர் சே ஜவாப் நஹி ஆயா.” மேலேயிருந்து பதில் வரவில்லை. அடுத்த மழைக்கும் அதே பேச்சு. அதற்கடுத்ததற்கும்.

பதில் தெரியாமல் ஏழு வருஷம் வாழ்வது லேசான காரியமில்லை. ஜெயமணி புதுச் சுவர் வைக்காமல் தட்டியிலேயே காலம் தள்ளினாள். வெள்ளிக்கு வெள்ளி விளக்கை வீட்டுக் கொல்லையில் தேய்த்து, தண்ணீரைக் குழி வெட்டி அதில் ஊற்றும்போதெல்லாம், “எல்லாம் இந்தச் சர்வே ஆபீசரு உத்தரவு” என்று நீலாவதியின் காதில் விழும்படி சொல்லுவாள். குடிதண்ணீரை எல்லோரும் இடது கிளைக்குப் போய் எடுத்தார்கள். கால்மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகிவிட்டது என்று நீலாவதியைத் திட்டிக்கொண்டே எடுத்தார்கள். அவள் மட்டும் தென்னை வைத்துக்கொண்டே போனாள். நாற்பது, எழுபதாயிற்று. போகப்போகிற இடத்தில் எதற்கடி இத்தனை என்று கேட்டவர்களிடம், “போனாத்தானே?” என்றாள்.

ரோடு போடுகிற பார்ட்டி வந்தபோது சங்கிலி பிடிக்கப் போனாள். மலேரியாக்காரர்கள் வந்தபோது கொசுப் புழுவை எண்ணிக் கொடுத்தாள். 1971இல் மறுபடியும் ஒரு சர்வே பார்ட்டி வந்து வலது கிளையில் இரண்டு மாதம் கிடந்தது. அதில் அவளுக்கு வேலை தரவில்லை. பழைய ஃபைலில் அவள் பெயர் இருந்ததாம். அவள் கரையில் நின்று பார்த்தாள். அவர்கள் நைலான் துணியில்தான் சலித்தார்கள். மண்ணோடு தண்ணீரையும் சீசா சீசாவாகப் பிடித்துப் போனார்கள், வெயில் காலத்தில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை.

1974ஆம் வருஷம் மார்ச் மாதம், தபால்காரர் கல்கத்தா முத்திரையோடு ஒரு கனத்த உறையைக் கொண்டுவந்தார். நீலாவதி முதல் முதலில் காய்த்த அந்தத் தென்னையின் அடியில் உட்கார்ந்து பிரித்தாள். கோவிந்தராஜும் ஜெயமணியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். உள்ளே இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள், மடித்த ஒரு வரைபடம், தமிழில் ஒரு கடிதம். கடிதத்தை அவள் உரக்கப் படித்தாள்:

“நீலாவதியம்மாவுக்கு சிவஞானம் எழுதுவது. இதோடு இருப்பது உத்தரவின் நகல். அசல் உங்கள் தாசில் ஆபீசுக்கு வருகிறது. வலது கிளையில் இருக்கும் உலோகம் அந்த மலைப் பாறையிலேயே உள்ளது. அளவு கொஞ்சம்தான், மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீரில் இறங்கவில்லை. இரண்டு கிளைத் தண்ணீரும் குடிக்கத் தகுந்தது. ஹாத்தி நாலாவை இடம் மாற்றத் தேவையில்லை என்று எழுதியாகிவிட்டது.

ஃபைலின் முதல் பக்கத்தில் உங்கள் கடிதம் இருக்கிறது. இங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான்கு ஆபீசர் மாறினார்கள். நான்கு தடவை அதை நான் படித்து அர்த்தம் சொன்னேன். நான் தூங்கியதையும் சேர்த்து. இரண்டாவது பார்ட்டி வலது கிளையில் முதல் நாளே நீலத்தைப் பார்த்துவிட்டது. நம் நோட்டில் எட்டாவது இல்லாமல் இருந்திருந்தால், மறைத்தார்கள் என்று சொல்லி மற்ற ஏழையும் தூக்கி எறிந்திருப்பார்கள். இருந்ததால் எட்டையும் நம்பினார்கள்.

வரைபடத்தில் உங்கள் கல்லையும் குறித்திருக்கிறேன். பாருங்கள். பதினாலு என்ற நம்பரை அடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் இடம் என்று எழுதச் சொன்னேன். ஜெயமணியம்மாவிடம் காட்டவும். உங்கள் மரம் காய்த்திருந்தால், கப்பலில் வருகிறவர் யாரிடமாவது இரண்டு தேங்காய் கொடுத்தனுப்பவும். தேங்காய் தீப்பிடிக்காது, கேப்டன் ஏற்றிக்கொள்வார்.”